தேர் வருவதற்குள் ஒரு முகம்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மதுராந்தகம் போய் லாட்ஜில் தங்கியிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கண்ணயர்ந்த நேரம், டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி 'டிக்… டிக்… டிக்' என்றது. நான் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, "ஆஃப் பண்ணு, சீக்கிரம் ஆஃப் பண்ணு" என்று கத்தினேனாம். பக்கத்தில் படுத்திருந்த மகள் பயந்துபோய் ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டாள். பிறகு ஜன்னல் சாத்திய அறையின் இருட்டில் நின்றுகொண்டு, "எத ஆஃப் பண்ணணும்மா?" என்று கேட்டாள்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பல்லி என்றால் ஒரு தனி மரியாதை உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். வீட்டில் பல்லி கத்தினால் அம்மா சுவரை விரலால் தட்டுவாள். எனக்கோ அந்தச் சத்தத்தைக் கேட்டாலே ஹார்ட் டிஸ்க்தான் நினைவுக்கு வரும்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடிபோலப் பளபளக்கும் ஒரு தட்டு சுழலும். அதன்மேல், தொட்டும் தொடாமலும், ஒரு சின்னக் கை அலைந்துகொண்டே இருக்கும். எழுதுவது, படிப்பது எல்லாம் அந்தக் கைதான். அது தன் இடம் தெரியாமல் தடுமாறினால் போய் முட்டித் திரும்பும். மறுபடி போய் முட்டும். அதுதான் அந்த 'டிக்'. ஒவ்வொரு முட்டலுக்கும் தட்டில் கீறல் விழலாம். கீறல் விழுந்த இடத்தில் இருந்தது போனது போனதுதான். ஆகவே சத்தம் கேட்டவுடன் முதல் வேலை, கரண்டை நிறுத்துவது. அந்தப் பழக்கம் பல்லிக்கும் பொருந்திவிட்டது, அவ்வளவுதான்.

டிப்ளமா முடித்துவிட்டுத் திருப்புட்குழியிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் காஞ்சிபுரத்தில் பாஸ்கர் அண்ணனின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கடை. வீட்டில் அப்பாவுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. கேட்கிறவர்களிடம் "டிவி ரிப்பேரு" என்று சொல்லிவைத்திருந்தார். கடைக்குள் நுழைந்தாலே ஈயம் பற்றவைக்கும் புகையும் தின்னர் வாசனையும் மூக்கில் ஏறும். பட்டுக்கடைகளின் பில்லிங் கம்ப்யூட்டர்கள்தான் அதிகம் வரும். மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஃபேனில் பட்டு நூல் பிசிறு சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றில் அரக்கு, ஒன்றில் மாம்பழ மஞ்சள். அந்தக் கடையில் இந்த சீசனில் எந்த நிறம் ஓடுகிறது என்பதை அதை வைத்தே நான் சொல்லிவிடுவேன். அப்படித்தான் ஒருமுறை எனக்கு ஆனந்தா நீலம் பிடித்துப்போய், என் கல்யாணப் புடவையும் அந்த நிறத்தில் அமைந்தது. அது வேறு கதை.

சொல்ல வந்தது ஒரு தேர் நாளைப் பற்றி.

வைகாசியில் வரதராஜப் பெருமாளுக்குத் தேர். தேர் வரும் தெருக்களில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். குறுக்கே போகும் ஒயர்களில் தேர் உச்சி இடிக்கக் கூடாதல்லவா? தேர் ஒரு தெருவைத் தாண்டிய பிறகு அங்கே கரண்ட் வரும். அடுத்த தெருவில் போகும். அன்றைக்கு நாங்கள் கடை திறந்திருக்கவே வேண்டியதில்லை. ஒரு பட்டுக்கடையின் மெஷினை அன்றே தருவதாக அண்ணன் ஒப்புக்கொண்டிருந்ததால், தேர் எங்கள் பக்கம் வருவதற்குள் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று காலையிலேயே வந்திருந்தோம்.

அப்போதுதான் அவள் வந்தாள். முப்பது வயதிருக்கும். தலை வாரவில்லை. கால்களில் செருப்பில்லை. லேப்டாப்பைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்திருந்தாள். கூட்டத்தில் முட்டி மோதி வந்திருக்க வேண்டும், ரவிக்கை தோளில் கிழிந்திருந்தது. பெயர் வேதவல்லி, சின்னக் காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரியும்.

"எங்கப்பாவக் காணும்" என்றாள். "விடிகாலம்பற கதவத் திறந்துண்டு போயிட்டார். அவர் போட்டோ இதுக்குள்ளதான் இருக்கு. இது ஓப்பன் ஆக மாட்டேங்கறது. எப்படியாவது எடுத்துக் குடுங்கோ."

"மொதல்ல ஒக்காருங்கமா" என்றார் அண்ணன். "போலீசாண்ட போனீங்களா?"

"போனேன். போட்டோ கேட்டா. குடுத்தேன்." அவள் கைப்பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்துக் காட்டினாள். அடர்ந்த தலைமுடி, தடித்த ஃபிரேம் போட்ட கண்ணாடி, உப்பிய கன்னம். "இது அவர் ரிடையர் ஆனப்போ எடுத்தது. இப்ப பாதி உடம்பு இல்ல. தலையில முடி இல்ல. பக்கவாதம் வந்து ஒரு கண் சரிஞ்சு போயிடுத்து. இத வச்சுண்டு தேடினா கண்டுபிடிக்கவே முடியாது. நான் அடையாளம் சொன்னதக் கேட்டுட்டு அந்தப் போலீஸ்காரரே, இது அவரோட தம்பியான்னு கேட்டார்."

ராகவன் என்பது அவள் அப்பாவின் பெயர். வடநாட்டில் எங்கெங்கோ கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் ஊர் திரும்பியவர். ஆகவே தெருவைத் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியாது. பக்கவாதத்துக்குப் பிறகு ஞாபகமும் தவறிவிட்டது. தன் வீட்டு விலாசமும் பெயரும் சில நாள் வரும், சில நாள் வராது. அமெரிக்காவிலிருந்த மகன் பொங்கலுக்கு வந்தபோது டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்கள்தான் அவருடைய இப்போதைய முகம். படங்களைத் தங்கையின் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, கேமராவிலிருந்து அவற்றை அழித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார் அந்த மகன். "மெயில்ல அனுப்பு, மெயில்ல அனுப்பு" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். டெலிபோன் ஒயரில் ஓடும் இன்டர்நெட்டில் ஒரு படம் போய்ச் சேர்வதற்குள் லைன் அறுந்துவிடும். அதனால் அனுப்பவே இல்லை.

லட்சக்கணக்கான ஜனம் திரண்டிருக்கும் ஊர். அதில் எங்கோ ஓரிடத்தில், தன் பெயர் தெரியாத ஒரு பெரியவர்.

லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுநாளாகியிருந்தது. ஒயரைச் செருகி பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: டிஸ்க்கே இல்லை என்றது. உள்ளிருந்து 'டிக்… டிக்… டிக்.' சட்டென்று ஒயரைப் பிடுங்கினேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது. அன்று அது எனக்குக் கைவரவில்லை.

அடியிலிருந்த திருகுகளைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தேன். உள்ளங்கையில் அடங்கும் தகரப் பெட்டி. அதன் ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் சில சமயம் இப்படி ஆகும். துடைத்துப் பார்த்தேன். பிறகு ஒரு அடாப்டரை வைத்து எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் பூட்டினேன். 'டிக்.' தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். 'டிக்.' பக்கவாட்டில் நிறுத்திப் பிடித்தேன். ஒரு நொடி சீராகச் சுழன்று, திரையில் டிஸ்க்கின் பெயரைக் காட்டிவிட்டு, மறுபடி 'டிக்.'

தூரத்தில் அதிர்வேட்டு கேட்டது. "தேரு கெளம்பிட்ச்சு" என்றார் அண்ணன். தலைக்குமேல் சுழன்ற மின்விசிறியை அவர் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது: எந்த நேரமும் கரண்ட் போகலாம். யூபிஎஸ் ஒன்று இருந்தது. அதன் பேட்டரி, கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கும் நேரத்துக்குத்தான் தாங்கும்.

"ஃப்ரீசர்ல வெச்சுப் பாக்கலாமா?" என்றேன்.

இது கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் அந்த நாளில் எல்லா சர்வீஸ்காரர்களும் ரகசியமாகப் பேசிக்கொண்ட வைத்தியம் இது. சூட்டில் லேசாக விரிந்து சிக்கிய பாகம் குளிரில் சுருங்கினால், கொஞ்ச நேரம் ஓடலாம். ஓடினால் அதுவே கடைசி ஓட்டமாகவும் இருக்கலாம். உள்ளே ஈரம் கோத்துக்கொண்டால் முற்றிலும் போய்விடும். அண்ணன் வேதவல்லியைப் பார்த்தார். நான் அவளிடம் இதை அப்படியே எடுத்துச் சொன்னேன்.

"வைக்கலேன்னா?" என்று கேட்டாள்.

"டிஸ்க்கப் பிரிச்சு எடுக்கற லேப் மெட்ராஸ்ல இருக்குது. ஆனா அதுக்கு வாரக்கணக்குல ஆகும்."

"வைங்கோ."

டிஸ்க்கை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, சந்து முனையிலிருந்த ரஹீம் பாயின் கூல்டிரிங்ஸ் கடைக்கு ஓடினேன். தேர் நாள் என்பதால் கடையில் கூட்டம் அலைமோதியது. ரோஸ்மில்க் எசன்ஸ் வாசனை தெருவரைக்கும் வீசியது.

"இன்னாமா இது, குல்ஃபி வெக்கிற எடத்துல இரும்பக் கொண்டாந்து தர்ற?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஃப்ரீசரைத் திறந்து குல்ஃபித் தட்டு ஒன்றை அப்படியே வெளியில் தூக்கி வைத்து இடம் பண்ணினார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "அரே பாய், இந்தப் பொட்டிய யாரும் தெறக்கக் கூடாது, ஐஸ்கிரீம் இல்ல, போங்க" என்று விரட்டினார். வெளியே எடுத்துவைத்த குல்ஃபியெல்லாம் அன்று பிள்ளைகளுக்குச் சும்மா போய்ச் சேர்ந்தது.

அரை மணியாவது வைக்க வேண்டும். அந்த அரை மணியை நான் மறக்க மாட்டேன். ஊரே தேர் நிற்காமல் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது, நான் ஒருத்தி மட்டும் பெருமாளிடம், எங்கேயாவது கொஞ்சம் நின்றுவிட்டு வா சாமி என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். "கோவிந்தா… கோவிந்தா" என்ற ஓசை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து வந்தது. வேதவல்லி கடை பெஞ்சில் உட்காராமல் நின்றே இருந்தாள். "ராத்திரி அம்மாகிட்ட சண்டை. தேர் இழுக்கப் போறேன்னார். இந்த உடம்போட எங்க போவேள்னு அம்மா கதவத் தாழ்ப்பாள் போட்டா. தாழ்ப்பாள எப்படித் திறந்தார்னு தெரியல. அந்தக் கையில பலமே கிடையாது" என்று எங்களிடமோ தனக்குத்தானோ சொல்லிக்கொண்டாள்.

எடுத்து வந்தபோது டிஸ்க் விரலில் ஒட்டிக்கொள்ளும் குளிர்ச்சியாக இருந்தது. துடைத்தேன், பூட்டினேன். அடாப்டர் இரண்டு முறை நழுவியது. கரண்ட் கொடுத்தேன்.

சத்தமில்லை. பிறகு மெல்லிய ரீங்காரம். சுழன்றது. திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது. 'பொங்கல்' என்றொரு ஃபோல்டர். திறந்தால் உள்ளே எல்லாமே வெறும் எண்கள். கேமரா வைத்த எண்கள். எது அப்பா, எது கரும்பு, யாருக்குத் தெரியும்?

"மொத்தத்தையும் காப்பி பண்ணிடு" என்றார் அண்ணன்.

"தாங்காதுண்ணா. ஒண்ணு ஒண்ணாத்தான் எடுக்கணும்."

முதலில் ஒன்றைத் தொட்டேன். மேலிருந்து கீழாக, புடவை நெய்கிற மாதிரி வரி வரியாக இறங்கியது படம். கோலம். அடுத்தது மாட்டுக்கொம்பு. அதற்கடுத்து வேதவல்லியின் அண்ணன் மனைவி, பால் பொங்கும் பானைக்குப் பக்கத்தில். எனக்கு அந்த அம்மாள்மேல் வந்த கோபம், பாவம், அவர் என்ன செய்தார்?

"சாயங்காலம் எடுத்தது" என்று வேதவல்லி திடீரென்று சொன்னாள். "அப்பாவக் கூடத்துல உக்கார வச்சு எடுத்தான். கடைசிப் பக்கம் பாருங்கோ."

கடைசிக்கு ஒன்று முந்தியதைத் தொட்டேன். ஒரு மின்விசிறியின் அடிப்பகுதி. சுவர். காலண்டரின் ஓரம். மொட்டைத்தலையின் வளைவு வந்தது. அவள் என் தோளை இறுகப் பிடித்தாள். நெற்றி, திருமண், புருவம். ஒரு கண் முழுதாக, ஒரு கண் இமை சரிந்து. மூக்கு பாதி இறங்கியபோது 'டிக்.' எல்லாம் நின்றது.

அதே நேரம் தலைக்குமேல் மின்விசிறி தளர்ந்தது. கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"பென்டிரைவ்!" அண்ணன் தன் கழுத்திலிருந்த கயிற்றை உருவினார். அந்நாளில் அவர் அதைத் தாயத்துப்போல மாட்டித் திரிந்தார், கடையிலேயே விலையுயர்ந்த பொருள் அதுதான். வந்தவரை வந்த பாதிப் படத்தை அதில் ஏற்றினேன். ஏற்றி, உருவி, கையில் பிடித்த மறு வினாடி திரை இருண்டது. டிஸ்க் தன் சுழற்சியை நிறுத்தும் ஓசை சன்னமாக இறங்கியது. அதன் பிறகு அது சுழலவே இல்லை.

தேர் தாண்டிப்போன தெருவில் கரண்ட் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, கடையை ரஹீம் பாய் பொறுப்பில் விட்டுவிட்டு மூவரும் கூட்டத்துக்கு எதிராக ஓடினோம். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தோம். மூக்கின் நடுவிலிருந்து கீழே முழுதும் சாம்பல் நிறம். கடைக்காரர், "பாதிதாம்மா இருக்குது" என்று தயங்கினார். "பாதியே போடுங்கோ" என்றாள் வேதவல்லி.

அண்ணன் ஒரு பிரதியைப் போலீசுக்குக் கொண்டுபோனார். நாங்கள் இருவரும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினோம். டிரைவர்கள், பூக்காரிகள், பழ வண்டிக்காரர்கள், எல்லோரும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். நான் நம்பிக்கை இழந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு கண்டக்டர்தான் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்தக் கண்ணு… இவரு காத்தால நம்ம வண்டில வந்தாரும்மா. எங்க போறீங்கன்னு கேட்டதுக்கு தேருக்குன்னாரு. தேரு இங்கதானே, இன்னாத்துக்கு வெளியூரு போறாருன்னு நெனச்சேன். கூட்டத்துல கவனிக்கல. கடேசி ஸ்டாப்ல, திருமுக்கூடல்ல எறங்கிக்கினாரு."

ஆட்டோ பிடித்தோம். திருமுக்கூடலில் மூன்று ஆறுகள் சேருகின்றன. வைகாசியில் மணல்தான் அதிகம் என்றாலும், மணல் அள்ளிய பள்ளங்களில் ஆளை விழுங்கும் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கோயிலை நெருங்கியபோது ஆற்றுக்குள் கூட்டம் தெரிந்தது. ஆட்கள் வட்டமாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, "ஆத்துல யாரோ…" என்று ஆரம்பித்து, எங்களைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வேதவல்லி ஓடும் ஆட்டோவிலிருந்து குதித்தாள். சுடுமணலில் வெறுங்காலோடு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். கூட்டத்தை விலக்கிப் பார்த்தோம்.

ஒரு டிராக்டர். பெட்டி நிறைய மணலோடு சேற்றில் புதைந்திருந்தது. முன்னால் தாம்புக்கயிறு கட்டி ஊர் ஆட்கள் "ஏலேலோ… இழு" என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையின் நடுவில், மொட்டைத்தலை வெயிலில் மின்ன, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலமில்லாத கையையும் சேர்த்துக் கயிற்றைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார்.

"அப்பா!"

திரும்பினார். படத்தில் எங்களுக்குக் கிடைக்காமல் போன பாதி அப்போதுதான் தெரிந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு.

"வந்துட்டியா? சீக்கிரம் பிடி. தேர் மாட்டிண்டுடுத்து."

"நம்மாத்துக்குப் போலாம் வாப்பா."

"தேர் நிலைக்கு வரட்டும். பாதில விட்டுட்டு யாராவது வருவாளா?"

பக்கத்திலிருந்த ஒருவர், "காத்தாலருந்து டீக்கடையாண்ட ஒக்காந்திருந்தாருமா. இட்லி வாங்கித் தந்தோம். நாங்க கயிறு கட்டனதும் அவரா வந்து புட்ச்சுக்கினாரு, வுடவே மாட்டேன்றாரு" என்றார். வேதவல்லி அழுதுகொண்டே அப்பாவுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தாள். சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால் நானும் பிடித்தேன். டிராக்டர் உறுமிக்கொண்டு கரையேறியது. அவர் கயிற்றை விட்டு, உள்ளங்கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டிராக்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சமர்த்தாக ஆட்டோவில் ஏறினார். போகும் வழியெல்லாம் தூங்கினார்.

அடுத்த வைகாசிக்கு அவர் இல்லை. வேதவல்லி பின்னர் கல்யாணமாகி அண்ணன் இருக்கும் நாட்டுக்கே போய்விட்டாள். பாஸ்கர் அண்ணன் கடையை மூடிவிட்டு மகனோடு ஓசூருக்குப் போனார். அந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ரஹீம் பாய் கடையும் இல்லை. சுழலும் தட்டுகளும் ஏறக்குறைய இல்லாமல் போயின. இப்போதைய டிஸ்க்குகளுக்குள் அசைவதற்கு ஒன்றுமே இல்லை. சாகும்போதுகூடச் சத்தம் போடுவதில்லை.

நான் இப்போது சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேவைப் பிரிவில் இருக்கிறேன். லேப்டாப்பை நீட்டுகிறார்கள். டோக்கன் தருகிறோம். உள்ளே உள்ளதெல்லாம் இன்டர்நெட்டில் எங்கோ ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அழித்துவிட்டுப் புதிதாக மாற்றிக் கொடுங்கள் என்கிறார்கள். சந்துக் கடை நாட்களில் டிஸ்க்கைக் கையில் வாங்கியதும், "இதுல இன்னா இருக்குது?" என்று கேட்போம். வேலைக்காகக் கேட்பதுதான். வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பிப்பார்கள். மகளின் ஜாதகம், கடன்பட்டு வாங்கிய டிசைன், செத்துப்போன தம்பி பாடின பாட்டு. சொல்லச் சொல்ல டீ ஆறிப்போகும். கடைசியாக யாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.